பழைய ஸ்போர்ட்ஸ் கார், போன எஞ்சின்: பணம் யார் தருவது?

1972 ஜூலையில் சவுத்தாம்ப்டன் டீலர் ஒருவரிடம் ஓர் இளைஞர் எட்டு வருடப் பழைய ஜாகுவார் ஒன்றை 390 பவுண்டுக்கு வாங்கினார். மீட்டர் 82,165 மைல் காட்டியது. ஜாகுவாருக்கு இதெல்லாம் ஒரு ஓட்டமா என்ற தோரணையில்தான் விற்றவர்கள் பேசினார்கள். மூன்று வாரத்தில் 2,300 மைலுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓட்டியிருப்பார், எஞ்சின் இறுகி வண்டி வழியிலேயே நின்றுவிட்டது. வழக்கு அப்பீல் நீதிமன்றம் வரை போனது. காரை முன்பு வைத்திருந்தவரே வந்து சாட்சி சொன்னார்: டீலரிடம் தள்ளிவிட்டபோதே அது முடிந்துபோன எஞ்சின்தான். நல்ல நிலையில் இருக்கும் ஜாகுவார் ஒரு லட்சம் மைல் ஓட வேண்டும். மூன்று வாரத்தில் இறுகுகிறதென்றால் விற்ற அன்றே அது ஓட்டத் தகுதியற்ற வண்டி. டென்னிங் பிரபு தலைமையிலான அமர்வு வாங்கியவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டத் தொகுப்புகளில் ‘குரோதர் எதிர் ஷானன் மோட்டார் கம்பெனி’ (1975) என்று இருக்கும் வழக்கு இது.

ஸ்காட்லாந்தில் 1990-களில் நடந்தது இதற்கு நேர் எதிர். ஐந்து வருடப் பழைய ரெனோ 19, ஏறக்குறைய 80,000 மைல், விலை 2,995 பவுண்ட். இரண்டே வாரத்தில் கியர்பாக்ஸ் போனது. அந்த விலைக்கும் அந்த ஓட்டத்துக்கும் இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று நீதிமன்றம் கையை விரித்துவிட்டது.

லண்டனில் பழைய போர்ஷே, பிஎம்டபிள்யூ எம்3, ஏஎம்ஜி, ஆர்எஸ் என்று தேடித்தேடி வாங்கும் நம் பிள்ளைகள் இந்த இரண்டு தீர்ப்புக்கும் நடுவில்தான் நிற்கிறார்கள். பதினைந்து, இருபதாயிரம் பவுண்ட் கொடுத்து வாங்கிய காரில் எஞ்சின் போனால், திருத்தும் செலவு மட்டுமே பத்தாயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். அந்தக் காசை யார் தருவது என்பது எஞ்சின் எப்படி உடைந்தது என்பதைப் பொறுத்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதிதான். யாரிடம் வாங்கினீர்கள், யார் பெயரில் வாங்கினீர்கள், எந்த வழியில் காசு கட்டினீர்கள் என்ற மூன்றும் சேர்ந்துதான் மீதியைத் தீர்மானிக்கின்றன. வாங்குகிற அன்று இந்த மூன்றையும் யாரும் யோசிப்பதில்லை. அலாய் வீலில் கீறல் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதற்கே நேரம் சரியாக இருக்கிறது.

எந்த எஞ்சின், எங்கே உடையும்

1990-களின் பிற்பகுதியில் வந்த முதல் போர்ஷே பாக்ஸ்டரிலும், 996 எனப்படும் 911-இலும் இருப்பது எம்96 வகை எஞ்சின். அதன் வயிற்றுக்குள் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்று ஒரு தண்டு சுழல்கிறது. அதைத் தாங்கும் பேரிங் தேய்ந்து சிதறினால் டைமிங் செயின் வழுக்கும், வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், எஞ்சின் முழுக்க உலோகத் துகள் பரவும். பெரும்பாலும் முன்னறிவிப்பு இருக்காது. 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான கார்களுக்காக அமெரிக்காவில் ஒரு கூட்டு வழக்கு நடந்து 2013-இல் சமரசத்தில் முடிந்தது. அந்தச் சமரசம் அமெரிக்க உரிமையாளர்களுக்கு மட்டும். லண்டனில் நின்றுகொண்டு அதைக் காட்டிப் போர்ஷேயிடம் காசு கேட்க முடியாது. ஆனால் இந்தப் பலவீனம் ஊரறிந்தது என்பதற்கு அது நல்ல ஆதாரம், டீலரோடு வாதாடும்போது கைகொடுக்கும்.

இதே குடும்பத்து எஞ்சின்களுக்கு இன்னொரு நோயும் உண்டு. சிலிண்டரின் உட்சுவர் கீறிப்போவது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் டக் டக் என்று ஒரு தட்டல், ஒரு பக்கப் புகைக்குழாயில் மட்டும் கரி, ஆயிலை அடிக்கடி ஊற்ற வேண்டிய நிலை என்று மெல்லத்தான் தலைகாட்டும். விற்பவர் நீங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் அந்தத் தட்டல் கேட்காது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் போனதும் பானெட் மேல் கை வைத்துப் பார்க்கிறார்கள், போர்ஷேயில் பின்பக்கத்தில்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இ46 வகை எம்3-இன் கனெக்டிங் ராட் பேரிங்குகளை பிஎம்டபிள்யூவே கார்களைத் திரும்ப அழைத்து மாற்றிக் கொடுத்தது. அடுத்து வந்த வி8 எம்3-இலும் அதே பேரிங்குகள்தான் தலைவலி. மாஸ்டா ஆர்எக்ஸ்-8-இன் ரோட்டரி எஞ்சினில் முனை சீல்கள் தேயும், சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ரோட்டரிக்கென்றே உள்ள கருவியில் கம்ப்ரெஷன் பார்க்காமல் அதை வாங்குவது சூதாட்டம். 2016, 2017 ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் சிலவற்றில் தவறான ஹெட் கேஸ்கெட் பொருத்தப்பட்டிருந்தது. 2018-இல் ஃபோர்டு இலவசமாக மாற்றித் தந்தது. நீங்கள் வாங்கப்போகும் காரில் அந்த வேலை நடந்ததா என்பது சர்வீஸ் ரசீதில் இருக்க வேண்டும்.

எம்ஓடி பாஸ் ஆகியிருக்கிறதே என்று சமாதானப்படாதீர்கள். எம்ஓடி சோதனை எஞ்சினின் உள் நிலையையோ கிளட்ச், கியர்பாக்ஸையோ பார்ப்பதில்லை. பிரேக், விளக்கு, டயர், புகை போன்றவற்றோடு சரி. அரசு இணையதளத்தில் நம்பர் பிளேட்டை அடித்தால் பழைய எம்ஓடி விவரங்கள் இலவசமாகக் கிடைக்கும். அதன் பெரிய பயன், மைல் கணக்கு ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று பார்க்க முடிவது; ஆயில் கசிவு என்று யாராவது குறிப்பு எழுதியிருந்தால் அதுவும் தெரியும்.

நின்ற அந்த ஒரு மணி நேரம்

எம்25-இலோ நார்த் சர்குலரிலோ போகும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிகிறது, கீழே இருந்து இரும்பு தட்டும் சத்தம். அடுத்த எக்ஸிட் வரைக்கும் போய்ப் பார்ப்போம் என்ற நினைப்புதான் பல எஞ்சின்களையும், அதைவிட முக்கியமாகப் பல வழக்குகளையும் கொன்றிருக்கிறது. விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினார் என்று டீலர் தரப்பு காட்டிவிட்டால், பழுது காரில் இருந்ததா உங்கள் காலில் இருந்ததா என்ற கேள்வி வந்துவிடும். பாதுகாப்பாக ஒதுக்கி நிறுத்துங்கள், அணையுங்கள், திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். மீட்டரை, எரியும் விளக்குகளை, ஆயில் கம்பியை ஃபோனில் படம் எடுங்கள். மீட்பு வண்டிக்காரர் எழுதித் தரும் துண்டுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். நேரமும் மைலும் போட்ட, உங்களுக்கும் டீலருக்கும் வேண்டாத மூன்றாம் ஆள் எழுதிய முதல் சாட்சி அதுதான்.

அடுத்த தவறு, தெரிந்த கராஜுக்கு இழுத்துப்போய் ‘அண்ணா, கழற்றிப் பாருங்க’ என்பது. கழற்றிய எஞ்சின் பேசாது. விற்றவருக்கு முதலில் எழுதித் தெரிவித்து, பார்வையிட அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்த பிறகே கைவைக்க வேண்டும். கழற்றாமலே செய்யக்கூடியவை நிறைய உண்டு. ஆயில் ஃபில்டரை வெட்டி அதன் காகித மடிப்புகளைப் பிரித்தால், பேரிங் சிதைந்திருக்கிறதென்றால் வெளிச்சத்தில் மினுமினுவென்று துகள் தெரியும். ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிறு கேமராவை விட்டு சிலிண்டர் சுவரைப் படம் பிடிக்கலாம். ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். எஞ்சின் கணினியில் எத்தனை முறை அளவுக்கு மீறிச் சுழன்றது என்ற கணக்கு, போர்ஷே போன்றவற்றில், எஞ்சின் மணிநேரத்தோடு பதிவாகியிருக்கும். நீங்கள் வாங்குவதற்கு முந்தைய மணிநேரத்தில் அத்துமீறல் பதிவாகியிருந்தால் அது உங்களுக்குச் சாட்சி. வாங்கிய பிறகு என்றால் டீலருக்கு.

ரீமேப் செய்தவர்கள் கவனியுங்கள். சக்தியைக் கூட்ட எஞ்சின் கணினியை மாற்றி எழுதியிருந்தால் அந்தத் தடயத்தை நிபுணர்கள் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். உரிமைகோரல் பலவீனப்படுவது ஒருபுறம் இருக்க, இன்சூரன்ஸுக்குச் சொல்லாமல் செய்திருந்தால் அது தனிச் சிக்கல். எஞ்சின் பழுதுக்குச் சாதாரண மோட்டார் இன்சூரன்ஸ் காசு தராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். காம்ப்ரஹென்சிவ் இருக்கிறதே என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

30 நாள், 6 மாதம், 6 வருடம்

டீலரிடம், உங்கள் சொந்த உபயோகத்துக்கு வாங்கியிருந்தால் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. பொருள் திருப்தியான தரத்தில், சொன்னபடி, சொன்ன வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். பழைய கார் என்றால் வயது, மைல், விலை மூன்றையும் வைத்துத்தான் தரம் அளக்கப்படும். ஜாகுவாருக்கும் ரெனோவுக்கும் வேறு வேறு தீர்ப்பு வந்ததன் தர்க்கம் இதுதான்.

கோல்டர்ஸ் கிரீன் டீலர் ஒருவரிடம் 1980-களில் புத்தம் புது நிஸான் வாங்கிய ஒருவரின் கதையைக் கேட்டால் இந்தச் சட்டத்தின் அருமை புரியும். மூன்றே வாரம், 140 மைல். தயாரிப்பின்போது ஆயில் வழிக்குள் விழுந்த ஒரு சொட்டு சீலன்ட் எஞ்சினை இறுக்கிவிட்டது. விற்கத்தக்க தரத்தில் கார் இல்லை என்று 1987-இல் வெளியான தீர்ப்பு ஒத்துக்கொண்டது. ஆனாலும் மூன்று வாரம் வைத்திருந்தபடியால் காரைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விட்டது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2015 சட்டம் இந்தக் குழப்பத்துக்கு நாள் குறித்தது: 30 நாள். காரைப் பெற்ற மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். அதற்குள் பெரும் பழுது வந்தால் திருத்தம் எதையும் ஏற்காமல் காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். டீலர் ஒத்துக்கொண்ட 14 நாளுக்குள் பணம் வர வேண்டும்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இந்த 30 நாள் உரிமைக்கு, வாங்கிய அன்றே பழுது இருந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். 30 நாள் தாண்டி, டீலருக்குத் திருத்த ஒரு வாய்ப்புக் கொடுக்கும் வழியில் போனால், முதல் ஆறு மாதத்துக்குள் வெளிப்பட்ட பழுது வாங்கிய அன்றே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது டீலரின் பாடு. ஆகவே 30 நாள் கடந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று சொல்லும் டீலர் அறியாமல் சொல்கிறார், அல்லது அறிந்தே சொல்கிறார். திருத்த ஒரே ஒரு வாய்ப்புத்தான். திருத்தியும் சரியாகவில்லை, அல்லது நியாயமான காலத்தில் திருத்தவில்லை என்றால் காரைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது விலைக் குறைப்புக் கேட்டுக் காரை வைத்துக்கொள்ளலாம். இந்தக் கட்டத்தில் நீங்கள் ஓட்டிய மைலுக்கு ஒரு தொகையைக் கழிக்க டீலருக்கு உரிமை உண்டு. மற்ற பொருட்களுக்கு முதல் ஆறு மாதத்தில் இல்லாத இந்தக் கழிவு வாகனங்களுக்கு மட்டும் தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. 30 நாளுக்குள்ளேயே திருத்தக் கொடுத்தால் அந்த நாட்கள் கணக்கில் சேராது. கார் திரும்பி வந்த பிறகு குறைந்தது 7 நாளாவது உங்களுக்கு மிச்சமிருக்கும்.

ஆறு மாதத்துக்குப் பிறகும் உரிமை சாகாது, நிரூபிக்கும் சுமை உங்கள் தலைக்கு மாறுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்குப் போட ஆறு வருடம் வரை அவகாசம் உண்டு. ஆனால் எட்டாவது மாதத்தில் உடைந்த எஞ்சினுக்கு நிபுணர் அறிக்கை இல்லாமல் யாரிடமும் போக வேண்டாம். காரணம், காலம் இரண்டையும் அந்த அறிக்கை சொல்ல வேண்டும். ‘பேரிங் உடைந்திருக்கிறது’ என்று மட்டும் எழுதிய அறிக்கைக்குக் கொடுத்த காசு வீண். வாங்கிய தேதியிலேயே அந்தத் தேய்மானம் தொடங்கியிருக்குமா என்ற கேள்விக்கு அதில் நேரடிப் பதில் இருக்க வேண்டும்.

ரசீதில் ‘உள்ளபடி விற்கப்பட்டது’, ‘டிரேட் சேல், வாரண்டி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் பயப்பட வேண்டாம். டீலர் நுகர்வோருக்கு விற்கும்போது அந்த வரிகளால் உங்கள் சட்ட உரிமையைப் பறிக்க முடியாது. ஆனால் ஒரு குறிப்பிட்ட பழுதை வாங்குமுன் உங்களுக்குச் சுட்டிக்காட்டியிருந்தால் அதே பழுதுக்காகப் பிறகு முறையிட முடியாது. டீலர் கொடுக்கும் மூன்று மாத வாரண்டியும் அப்படியே: அது உங்கள் உரிமைக்கு மேலே கிடைக்கும் கூடுதல், உரிமைக்குப் பதில் அல்ல. வாரண்டிக் கம்பெனிக்காரன் தேய்மானம் என்று சொல்லிக் கைகழுவுவான், ஒரு முறைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பும் வைத்திருப்பான். ‘வாரண்டிக்குப் போங்கள்’ என்று டீலர் சொன்னால், ‘நான் உங்களிடம்தான் வாங்கினேன்’ என்று எழுத்தில் பதில் போடுங்கள்.

யாரிடம், யார் பெயரில்

இனி நம்மவர்களிடையே நடப்பதைச் சொல்ல வேண்டும். கோவிலில் கண்ட அண்ணாவின் நண்பர், கிரிக்கெட் கிளப்பில் தெரிந்த தம்பி, எல்லாம் நம்ம ஆட்கள்தான் என்று பணக்கட்டைக் கையில் கொடுத்து, ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லாமல் கார் கைமாறுகிறது. தனியாரிடம் வாங்கினால் மேலே சொன்ன தர உரிமை கிடையாது. கார் அவருடையதாக இருக்க வேண்டும், விவரித்தபடி இருக்க வேண்டும், பொய் சொல்லி விற்கக்கூடாது, சாலையில் ஓட்டவே ஆபத்தான வண்டியை விற்கக்கூடாது, அவ்வளவுதான். எஞ்சின் மறுநாள் போனாலும், அவர் பொய் சொன்னார் என்று காட்ட முடியாவிட்டால் நட்டம் உங்களுடையது. ஆகவே விளம்பரத்தை அது மறைவதற்கு முன் படம் பிடித்து வைப்பதும், ‘எஞ்சினில் ஏதாவது வேலை செய்ததா, ஆயில் குடிக்கிறதா’ என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டுப் பதில் வாங்குவதும்தான் உங்கள் காப்பு. வாய்ஸ் மெசேஜும் உதவும், ஆனால் தமிழில் பேசியதை நீதிமன்றத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

தனியாள் வேடம் போடும் டீலர்களும் உண்டு. வி5சி எனப்படும் பதிவுப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லை, ‘மச்சானுக்காக விற்கிறேன்’ என்கிறார், அதே ஃபோன் நம்பரில் இன்னும் நான்கு கார் விளம்பரம் இருக்கிறது என்றால் அவர் தொழில்முறை விற்பனையாளர்தான். அப்படி மறைப்பது குற்றம். அதைக் காட்ட முடிந்தால் முழு நுகர்வோர் உரிமையும் உங்களுக்குத் திரும்பும். நேரில் போய்க் கலந்துகொள்ளக்கூடிய ஏலத்தில் எடுத்த பழைய காருக்கு இந்தப் பாதுகாப்பு கிட்டத்தட்ட இல்லை. பார்க்காமலே முழுக்க ஆன்லைனிலும் ஃபோனிலும் பேசி முடித்து டீலர் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்த கார் என்றால், காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் ரத்துச் செய்யலாம்.

கடை வைத்திருப்பவர்கள், சொந்தக் கம்பெனி நடத்துபவர்கள் வரியை நினைத்துக் காரைக் கம்பெனி பெயரில் எடுக்கிறார்கள். கணக்காளர் சந்தோஷப்படலாம். ஆனால் கம்பெனி நுகர்வோர் அல்ல. அப்போது பொருந்துவது 1979-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம். அங்கே 30 நாளும் கிடையாது, ஆறு மாத அனுமானமும் கிடையாது, ‘உள்ளபடி’ என்ற வரிக்கும் உயிர் வந்துவிடலாம். ஸ்போர்ட்ஸ் காரைக் கம்பெனி பெயரில் எடுப்பது என் பார்வையில் மிச்சம்பிடித்த வரியைவிடப் பெரிய ஆபத்து.

இதைவிட மோசமானது, வங்கிக் கடன் வரலாறு சரியில்லாத தம்பிக்காக அக்கா பெயரில் ஃபைனான்ஸ் எடுப்பது. ஒப்பந்தம் அக்காவுக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் நடுவில். எஞ்சின் போனால் புகார் செய்யும் உரிமை அவருக்கு, ஓட்டியவருக்கு அல்ல. உண்மையில் யாருக்கான கார் என்பதை மறைத்துக் கையெழுத்துப் போட்டார் என்று தெரியவந்தால் அவரே குற்றம் செய்தவராக நிற்க நேரிடும். தவணையும் அவர் தலையில். பாசத்துக்குப் போட்ட கையெழுத்தால் குடும்பங்கள் பேசாமல் போயிருக்கின்றன.

எப்படிக் கட்டினீர்கள்

லண்டனில் சிறு டீலர் கம்பெனிகள் வரும், போகும். உங்களுக்குத் தீர்ப்புக் கிடைக்கும் நேரத்தில் போர்டு மாறியிருக்கலாம். கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் பெயரைத் தட்டினால் எப்போது தொடங்கியது, அதே இயக்குநர் முன்பு எத்தனை கம்பெனியை மூடினார் என்பதெல்லாம் இலவசமாகத் தெரியும். காசு கட்டுமுன் பார்க்க வேண்டியது இது.

ஓடிப்போக முடியாத ஒருவரைச் சேர்த்துக்கொள்வதுதான் புத்தி. 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்படி, காரின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்கு மிகாமல் இருந்து, முன்பணத்தையாவது உங்கள் கிரெடிட் கார்டில் நேரடியாக டீலருக்குக் கட்டியிருந்தால், கார்டு கம்பெனியும் டீலருக்குச் சமமாகப் பொறுப்பு. கட்டிய அந்தச் சின்னத் தொகைக்கு மட்டுமல்ல, முழு இழப்புக்கும். டெபிட் கார்டுக்கு இந்தச் சட்டம் கிடையாது, வங்கியின் சார்ஜ்பேக் முறை மட்டும் உண்டு. வங்கி மாற்றலுக்கும் கையில் கொடுத்த காசுக்கும் எதுவும் இல்லை.

ஹெச்பி அல்லது பிசிபி ஃபைனான்ஸில் எடுத்திருந்தால் சட்டத்தின் கண்ணில் காரை உங்களுக்குத் தந்தவர் ஃபைனான்ஸ் கம்பெனிதான், டீலர் அல்ல. டீலர் ஃபோனை எடுக்கவில்லை என்று ஒரு மாதம் அலைவதைவிட அன்றே ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் புகார் எழுதுங்கள். எட்டு வாரத்துக்குள் அவர்கள் இறுதிப் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மேன் சேவைக்குப் போகலாம். இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். செலவு கிடையாது, வக்கீல் தேவையில்லை. கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கார் ஓடாதபோதும் கட்டுவது வயிற்றெரிச்சல்தான். நிறுத்தினால் உங்கள் கடன் வரலாறு கெடும், வழக்கின் மையமும் பழுதிலிருந்து பாக்கிக்கு மாறிவிடும். கட்டிக்கொண்டே, ‘ஆட்சேபத்தோடு கட்டுகிறேன், திருப்பிக் கேட்பேன்’ என்று எழுதுங்கள்.

புகார்க் கடிதம் நீளமாக வேண்டாம். வாங்கிய தேதி, அன்றைய மைல், நின்ற தேதி, அன்றைய மைல், என்ன நடந்தது, 2015 சட்டத்தின்படி என்ன கேட்கிறீர்கள் என்பது: நிராகரிக்கிறேன், பணம் வேண்டும் என்பதா, திருத்தித் தாருங்கள் என்பதா. பதிலுக்கு 14 நாள் கெடு. கார் எங்கே நிற்கிறது, எப்போது வந்து பார்க்கலாம். மின்னஞ்சலிலும் தபாலிலும் அனுப்புங்கள். நிராகரிக்கிறேன் என்று எழுதிவிட்டு மறுநாள் அதே காரை ஓட்டினால் கடிதத்தின் மதிப்பு குறைந்துவிடும். தெருவில் நிறுத்தி வைப்பதானால் ஓடாத காருக்கும் சாலை வரி, இன்சூரன்ஸ் வேண்டும். சொந்த டிரைவ்வே இருந்தால் உள்ளே தள்ளி டிவிஎல்ஏ-வுக்கு ‘சாலையில் இல்லை’ என்று அறிவித்துவிடலாம்.

நீதிமன்றமும் மாற்று எஞ்சினும்

10,000 பவுண்ட் வரையான கோரிக்கை சிறு வழக்குப் பிரிவில் நடக்கும். தோற்றாலும் எதிர்த்தரப்பு வக்கீல் செலவு பொதுவாக உங்கள் மேல் விழாது. அதைத் தாண்டினால் அந்தப் பாதுகாப்பு போகிறது. எஞ்சின் பில் பன்னிரண்டாயிரம் என்றால் வேண்டுமென்றே பத்தாயிரத்தோடு நிறுத்திக்கொள்வது சில நேரம் கெட்டித்தனம். முழுக் காரையும் திருப்பி இருபதாயிரம் கேட்பதானால் அறிக்கை கையில் வந்த பிறகு வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரமாவது பேசுங்கள். வீட்டு இன்சூரன்ஸில் சட்டச் செலவுக் காப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், பலருக்கு இருந்தும் தெரிவதில்லை.

சொந்தச் செலவில் திருத்துவது என்று முடிவானால், ஆன்லைனில் பாதி விலைக்கு ‘புதுப்பித்த எஞ்சின்’ என்று வரும் விளம்பரங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். காரைத் தொலைதூர ஊருக்கு ஏற்றிச் சென்று கழற்றிய பிறகு விலை ஏறும். நீங்கள் ஒப்புக்கொண்ட வேலைக்குக் காசு வரும்வரை காரைப் பிடித்து வைக்கக் கராஜுக்குச் சட்ட உரிமை உண்டு என்பதால் பேரம் பேசும் பலம் அவர்கள் பக்கம் போய்விடும். என்ன புதுசு, என்ன பழசு, எத்தனை மாத உத்தரவாதம், என் பழைய எஞ்சின் யாருக்கு என்பதை எழுத்தில் வாங்காமல் காரை ஏற்றாதீர்கள். முன்பணம் கிரெடிட் கார்டில். எஞ்சின் மாறினால் புதிய எஞ்சின் நம்பரை டிவிஎல்ஏ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். கணக்குப் பார்த்து, உடைந்த எஞ்சினோடேயே விற்றுவிடுவதும் ஒரு முடிவுதான். நல்ல பாடியுள்ள ஸ்போர்ட்ஸ் காருக்கு எஞ்சின் இல்லாமலும் வாங்க ஆள் உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தக் கட்டுரை பொது விளக்கம் மட்டுமே. உங்கள் ஒப்பந்தத்தைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண் 0808 223 1133, கட்டணமில்லை. டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குப் புகாரை அனுப்புவதும் அவர்கள் வழியாகத்தான். டீலர் மோட்டார் ஆம்பட்ஸ்மேனில் உறுப்பினர் என்றால் அங்கேயும் முறையிடலாம். ஃபைனான்ஸ் அல்லது கிரெடிட் கார்டுச் சிக்கலுக்கு ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மேன் எண் 0800 023 4567. ஆங்கிலத்தில் வாதாடத் தயக்கமென்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பு உதவி கேட்கலாம்.